கொம்பு இருந்ததா?

"வல்லாஹி, என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்" என்றார் கச்சிமுகம்மது காக்கா, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "விடியச் சுபஹு தொழுதிட்டுக் கடற்கரைக்குப் போனன். கறுப்பா ஒரு உருவம். கால் தெரியல்ல. தண்ணிக்கரையில நிண்டு குளறிச்சு. எனக்கு ஈரக்குலை நடுங்கிட்டு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தைக் கல்முனை ஊரே பார்த்துக்கொண்டது.

மறுநாளே ஓட்டோ ஓட்டும் ஹாதிக்கும் கண்டான். மாட்டளவு இருந்ததாம். மீன் விற்கும் இராசாத்தி கண்டபோது அது யானையளவுக்கு வளர்ந்துவிட்டது. கண், காது, மூக்கு வைத்துக் கதைப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். இதற்குக் கொம்பும் சேர்த்து வைத்தார்கள். ஹாதிக் போனில் படம்கூட வைத்திருந்தான். அதில் அவனுடைய விரல்தான் தெளிவாகத் தெரிந்தது.

"மெய்யைச் சொல்லுங்க காக்கா, கொம்பு இருந்ததா?"

"நான் கொம்பு காணல்ல மனே. ஆனா விடியக்காலையில அந்தப் பக்கம் போகாதீங்க."

காக்காவின் தேத்தண்ணிக் கடையில் நிற்க இடமில்லை. முன்பெல்லாம் சுபஹு தொழுத கையோடு திறக்கிற கடை, இப்போது பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் திறந்தது. பயந்துபோன மனுசன் என்று ஊர் இரக்கப்பட்டது.

இரக்கப்படாதவர் ஒருவர்தான். கரைவலை வைத்திருக்கும் கோணாமலை. அன்றைக்குக் கடைக்குள் வந்ததே சண்டைக்கு வந்த மாதிரித்தான்.

"காக்கா, உங்கட கடையில சனம் பிதுங்குது. என்ட வலை மணலில கிடந்து காயுது. விடியக்காலையில இழுக்க ஒருத்தனும் வாறான் இல்ல. நிரோசனைக் கூப்பிட்டா, 'எனக்குப் புள்ளகுட்டி இருக்கு' எண்டுறான். தேத்தண்ணி விக்கிறதுக்கு இப்பிடியும் ஒரு வழியா?"

காக்கா சீனி கொஞ்சம் கூடப் போட்டு ஒரு பிளேன்டீயை அவர் முன்னால் வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க தம்பி. அது போயிடும்."

"போறன் எண்டு உங்களிட்டச் சொன்னதோ?"

கடை முழுக்கச் சிரித்தது. காக்கா குனிந்து கோப்பை கழுவத் தொடங்கினார்.

"நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறன்" என்றார் கோணாமலை. "ஒண்டும் இல்லையெண்டா, இந்தக் கடை வாசலில வச்சே உங்கட பொய்யை உடைக்கிறன். எங்கட வீட்டிலயும் உலை கொதிக்கோணும்."

பிளேன்டீயைத் தொடாமலே எழுந்து போனார்.

மறுநாள் காலை, பூட்டிய கடைக்கு முன்னால் பாதி ஊர் நின்றது. அடுத்தவன் பொய் பிடிபடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை!

கோணாமலை வந்தார். கால் நிறைய மணல். கடை வாசல் வாங்கில் உட்கார்ந்து மணலைத் தட்டினார்.

"கண்டன்" என்றார் கடைசியில்.

ஹாதிக் நெருங்கி வந்தான். "கறுப்பா?"

"ஓம். பெரிசுதான். ரெண்டு தலை. ஒண்டை ஒண்டு விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. காக்கா சொன்னது மெய். விடியக்காலையில ஒருத்தரும் அந்தப் பக்கம் போகாதீங்க. என்ட வலையும் இனிப் பின்னேரம்தான்."

சனம் செய்தியைத் தூக்கிக்கொண்டு திசைக்கு ஒன்றாக ஓடியது.

அதற்குப் பிறகுதான் காக்கா வந்து கடையைத் திறந்தார். அவருடைய சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது. கோணாமலையைத் தவிர வேறு யாருமில்லை.

"கண்டீங்களா தம்பி?"

"கண்டன் காக்கா. ஜுனைதா அக்கா உங்கட தோளில சாஞ்சு குளறி அழுதா. எனக்கு நெஞ்சு தாங்கல்ல. சுனாமிக்குப் பொறகு அவ கடலைத் திரும்பியும் பார்க்கிறல்ல எண்டுதானே ஊரில சொல்லுவாங்க?"

"ஓம். எங்கட மகளைக் கடல் கொண்டு போயிட்டு, அடக்க மையித்துக்கூடக் கிடைக்கல்ல. மத்தவங்களுக்குப் போய் நிண்டு துஆக் கேக்க ஒரு கபுராவது இருக்கு. இவ எங்க போற? 'என்னைக் கடலுக்கிட்டக் கூட்டிப் போங்க' எண்டு இத்தின வருசத்துக்குப் பொறகு இப்பத்தான் வாய் திறந்து கேட்டா. நாலு ஆம்புளையள் பார்க்க நிண்டு குளற அவவுக்குக் கூச்சம்."

காக்கா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"கறுப்பு அபாயாவோட தண்ணியில நிண்டா. நான் கண்டதைத்தான் சொன்னன் தம்பி, ஒரு சொல்லும் பொய் இல்ல. கொம்பு ஊர் வச்சது. ஆனா உங்கட வலைக்கு நான் என்ன பதில் சொல்ற?"

"மீன் எங்க போகப்போகுது? பின்னேரமும் கடலிலதான் நிக்கும்." கோணாமலை கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். "அக்கா நிண்ட இடத்தில பள்ளம். கொஞ்சம் தெற்கால, என்ட தோணியடிக்குக் கூட்டிட்டு வாங்க. மணல் மட்டமா இருக்கும். பயமில்லாம இறங்கலாம்."

காக்கா அடுப்பை மூட்டி, நல்ல சாயமாக ஒரு பால் தேத்தண்ணி போட்டு இரண்டு கையாலும் நீட்டினார்.

அப்போது ஹாதிக் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணன், முக்கியமானதைக் கேக்க மறந்திட்டன். அதுக்குக் கொம்பு இருந்ததா?"

பொய்யை உடைக்கப் போன கோணாமலை, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் தம்பி. தலைக்கு ரெண்டு."