குறட்டைக் கோடு

ஸ்கந்தபுரத்தில் ஜெயரூபி தன் நாவலைத் திருத்தும் முறை எளிமையானது. வயலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரியும் கணவன் சிவகரனுக்கு ஓர் அத்தியாயத்தை வாசிப்பாள். அவன் குறட்டை விடத் தொடங்கும் வரியில் பென்சிலால் கோடு போடுவாள். களைத்து வந்தவனையும் விழித்திருக்கச் செய்தால்தான் அது எழுத்து என்பது அவள் எண்ணம். கோடு விழுந்த பகுதியைச் சுருக்கி, மறுநாள் திரும்ப வாசிப்பாள்.

இன்று கடைசி அத்தியாயம். குறட்டையே இல்லை.

"முடிஞ்சுது," என்றாள், நம்ப முடியாமல்.

"நல்ல முடிவு. ஆனா அந்தத் தாய் வாய்க்காலடியில நிண்டு அழுற இடத்தை ஏன் முழுக்க வெட்டினனீர்? கொஞ்சம் சுருக்கினாக் காணும்."

ஜெயரூபி நிமிர்ந்தாள். "அதை வாசிக்கேக்க நீங்கள் குறட்டையெல்லோ விட்டனீங்கள்?"

சிவகரன் முகட்டைப் பார்த்தான்.

"இஞ்சாருங்கோ, அப்ப நீங்கள் நித்திரை கொள்ளேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை. முதல் நாவலை அலுப்பாக் கிடக்கெண்டு சொன்னனான். அதை அடுப்புக்குள்ள வைச்சிட்டு, ரெண்டு வருசம் நீர் பேனையே தொடேல்லை. குறட்டைக்கெண்டா கோவிக்கமாட்டீர்."

ஜெயரூபி பென்சிலைக் கீழே வைத்தாள். "வாய்க்காலடியைத் திரும்ப எழுதி வாசிக்கிறன். இந்தமுறை வாயால சொல்லுங்கோ."

"கோவம் வந்தா?"

"வந்தா, நான் குறட்டை விடுறன்."