ஆறு வாரம்

“ஆறு வாரம்னு போடாதீங்க சிஸ்டர். ஆறு மாசம்னு போட்டுக் கொடுங்க.”

வீட்டுக்கு அனுப்பும் தாளை நிரப்பிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷ வேலையில் இப்படி ஒருத்தி கேட்டு அவள் பார்த்ததில்லை. எப்போது குளிக்கலாம், எப்போது கையில்லாத சட்டை போடலாம் என்று பறக்கிறவர்கள்தான் இந்த வார்டுக்கு வருவார்கள்.

கட்டிலில் இருந்தவளுக்கு நேற்றுதான் இரண்டு மேல்கைகளிலும் கொழுப்பை உறிஞ்சி எடுத்திருந்தார்கள். தோளிலிருந்து முழங்கைவரை இறுக்கமான உறை.

எடுக்க அங்கே என்ன இருந்தது என்பது வேறு கதை. நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடும்போதே, உங்களுக்கு இது தேவையே இல்லம்மா என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டால்தானே! வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் கைக்கு ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை.

வசதியானவர்களுக்கு வரும் வியாதியே தனி என்று நர்ஸ் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

தாளில் குறிப்புகளெல்லாம் அச்சடித்தே இருக்கும். எத்தனை நாள், எத்தனை வாரம் என்பதை மட்டும் பேனாவால் எழுத வேண்டும். ஐந்தாவது குறிப்பு: மேல்கையை யாரும் பிடிக்கவோ இழுக்கவோ அழுத்தவோ கூடாது. அந்த இடத்தில்தான் அவள் விரலை வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்றாள்.

“அவர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டார். டாக்டர் சொன்னா அப்படியே கேப்பார்.”

நர்சுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதம் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்க நல்ல வழி! நம் வீட்டில் போய் இப்படிச் சொல்லிப் பார்த்தால் தெரியும் சேதி என்று நினைத்துக்கொண்டாள். தவிர, இல்லாததை எழுதினால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். விரலை மெல்ல நகர்த்திவிட்டு ‘ஆறு வாரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டிலில் இருந்தவள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த பேச்சு. நோயாளியை அழைத்துப் போகிறவருக்கும் தாளை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நர்ஸ் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஐந்தாவதை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

நர்சின் வாய் சும்மா இருக்குமா?

“ஆறே வாரம்தான் சார். இவங்க ஆறு மாசம் வேணும்னு கெஞ்சுனாங்க, நான்தான் விடல!”

அவர் சிரித்தார். மனைவியைப் பார்த்தபடியே சிரித்தார்.

“ஆறு மாசமா?”

அவள் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

அப்போதுதான் நர்சுக்கு உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஒரு திருத்தம் இருக்கிறது சார் என்று தாளுக்குக் கை நீட்டினாள். அவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டார். பரவாயில்லை சிஸ்டர், எல்லாம் புரிந்துவிட்டது என்றார்.

கிளம்பலாம் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் கை தானாக அவள் மேல்கைக்குப் போனது. உறைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. டாக்டர் சொன்னதை மீறுகிற மனிதர் இல்லை அவர்.

கை அப்படியே மேலே போய், பின்கழுத்தைப் பிடித்து அவளை எழுப்பியது.

கழுத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.