மூன்று மில்லி

முதலில் எனக்குத் துரோகம் செய்தது கம்ப்யூட்டர்தான். நான் இரும்பு உத்தரம். அளவு குறைந்தால் எனக்குக் காயலான் கடைதான் கதி. என்னை வெட்டுவதற்கு அதுதான் திரையில் பச்சைக் கோடு போட்டது.

“அண்ணே, கோட்டுக்கு வெளியே தள்ளிப் போகட்டுமா?” என்று கேட்டது வெட்டும் தீ. “என் வாய் மூணு மில்லி அகலம். கோட்டு மேலேயே நடந்தா இவரையும் பாதி வாய் தின்னுடுவேன்.”

“தீக்கு ஏதுடா வாய்? திரையில நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். ஆடிக்கிட்டே போ!” என்றது கம்ப்யூட்டர்.

தீ ஆடியது. பொறி பறந்தது. கிச்சுகிச்சு தாங்காமல் நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு முனையில் ஒன்றரை மில்லி போயிற்று, மறுமுனையில் ஒன்றரை.

கிரேன் என்னை ஊஞ்சலாட்டித் தூக்கியது. “வாங்க மாப்பிள்ளை!” என்று இரண்டு தூண்களும் கூவின. நடுவில் போய் நின்றேன்.

“ஐயய்யோ, மாப்பிள்ளை குட்டை!”

நல்லவேளையாக ஃபிட்டர் இருளாண்டி மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் செருகி முடுக்கினார்.

“பார்த்தியா, கச்சிதம்!” என்று கீழிருந்து கத்தியது கம்ப்யூட்டர்.

தகடு யாருடையதோ. என் மூன்று மில்லியைக் கம்ப்யூட்டர் இன்னும் தரவில்லை.