ஒரு வருடத்துத் தூள்

"எல்லை எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

"அது போய் அரை மணித்தியாலம்" என்றான் கணவன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கதவு இல்லை. தடுப்பு இல்லை. பெயருக்கு ஒரு பொலிஸ்காரன்கூட இல்லை. பெல்ஜியம் முடிந்து ஜெர்மனி தொடங்கியிருந்தது. அவள் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குள் வந்ததை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை.

பாஸ்போர்ட் அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டான். போனிலிருந்து சிம்மையும் கழற்றினான். பாரிஸ் சிம் அங்கே வேலை செய்யாதாம்.

ஊரிலிருந்து அவள் வந்து இறங்கிய பாரிசில் சித்தி போனும் கையுமாக இருப்பாள். போய் இறங்கியதும் எடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

சென்னையில் தாலி கட்டி நாலு மாதம். சேர்ந்திருந்தது ஆறு நாள். அவன் எட்டு வருடமாகத் தனியாள், அந்த வீட்டில் ஒரு பெண்ணின் நிழல்கூட விழுந்ததில்லை என்று தரகர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

மடியில் கறித்தூள்.

அம்மா வறுத்து இடித்தது. இரண்டு கிலோ. ஒரு வருடத்துக்குக் காணும் என்றாள். தூளுக்கு நடுவில் ஒரு கரித்துண்டு. பேய் அண்டாமலிருக்க, புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணின் தூளில் மட்டும்தான் ஊரில் கரி வைப்பார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்துவிடும் தூளில் வைக்க மாட்டார்கள்.

"ஜெர்மன்காரப் பேய்க்குக் கரியைத் தெரியுமோ அம்மா?" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. கோடை என்பதால் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தெருவில் ஆளில்லை. வீடுகளின் ஜன்னல்களில் வெளிப்பக்க அடைப்புகள் இறக்கியிருந்தன. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இத்தனை வெளிச்சத்தில் இப்படி ஒரு அமைதியை அவள் கண்டதில்லை.

வீடு பளிச்சென்று இருந்தது. தனியாளின் வீடு இவ்வளவு துப்புரவா என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

தூளை வைக்கக் குசினி அலுமாரியைத் திறந்தாள்.

அங்கே ஏற்கெனவே மூன்று பெரிய கண்ணாடிப் போத்தல்கள். மூன்றிலும் கறித்தூள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது.

வரணி. மீசாலை. அளவெட்டி.

மூன்றும் அவள் பக்கத்து ஊர்ப் பெயர்கள். வேறு வேறு கையெழுத்து. ஒன்றும் அவனுடையது இல்லை.

ஊர்ச் சனம் யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வரணியைத் திறந்து கரண்டியால் கிளறினாள். கரி தட்டுப்பட்டது.

மீசாலை. கரி.

அளவெட்டியைக் கிளற வேண்டியிருக்கவில்லை. கரி மேலேயே கிடந்தது.

மூடிகளைத் திருகி மூடியபிறகுதான் மற்றதையும் கவனித்தாள்.

வரணி பாதிவரை இறங்கியிருந்தது. மீசாலையில் கால்வாசி குறைந்திருந்தது.

அளவெட்டியில் இரண்டு விரற்கடைதான் குறைந்திருந்தது.

பின்னால் வந்து நின்றான். கையில் கழுவித் துடைத்த ஒரு போத்தல். ஒரு துண்டு வெள்ளைக் காகிதம், பேனா, டேப்.

"உம்மட ஊர்ப் பேரை எழுதி ஒட்டும்" என்றான். குரலில் ஒரு கோபமும் இல்லை. "இல்லாட்டி எனக்குக் குழம்பிப்போகும்."

அடுத்த அறைக்குப் போய் ஜன்னல் அடைப்புகளை இறக்கத் தொடங்கினான். ஒன்று. பிறகு இன்னொன்று. வெளிச்சம் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுதினாள். புலோலி.

மூன்றாவது அடைப்பு இறங்கும் சத்தம் கேட்டதும் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், தன் முழுப் பெயர். அதன் கீழே சித்தியின் நம்பர். நல்ல வேளை, அது மனப்பாடம்.

ஒட்டினாள். கண்ணாடிக்குள்ளால் பின்பக்க எழுத்துத் தெரிந்தது. தூளைக் கொட்டினாள். கரியும் விழுந்தது. தூள் வாய்வரை நிரம்பி எழுத்தை மறைத்தது.

அலுமாரியில் அளவெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மற்ற மூன்று காகிதங்களும் போத்தலின் வயிற்றில் இருந்தன. அவள் தன்னுடையதை மேலே, கழுத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தாள்.

இரண்டு விரற்கடை இறங்கினாலே அடுத்து வருகிறவள் வாசிக்கலாம்.