தலாத்திலிருந்து வந்த இரண்டு மூட்டைகள்

சைகோன் விவசாய ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே மூன்று மணி வெயில் மேஜைமேல் விழுகிறது. ஐரேன் கத்தியும் கையுமாக நிற்கிறாள். தலாத் மலையில் அவள் கணவன் ஜூல் பயிரிட்ட உருளைக்கிழங்கு, இரண்டு மூட்டைகளாக எதிரே கிடக்கிறது. ஒன்று அழுகி, நீர் கசிந்து நாறுகிறது. அது சும்மா நட்ட பாத்தியில் விளைந்தது. மற்றதற்கு, அவள் குப்பியில் வளர்த்துக் கொடுத்த நல்ல பாக்டீரியாவைக் கரைத்து, அதில் விதைக்கிழங்கை நனைத்து நட்டிருந்தான். அதில் மண்வாசனை மட்டும்தான் வருகிறது. மூன்று வருஷமாக இருவரும் இதற்குத்தான் காத்திருந்தார்கள். மூட்டை வாயில் ஜூலின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "நான் வரும்வரை வெட்டாதே. சேர்ந்து பார்ப்போம்." மூட்டைகள் விமானத்தில் வந்து சேர்ந்துவிட்டன. சாலை வழியே ஜீப்பில் கிளம்பியவன் வழியில் கண்ணிவெடியில் சிக்கி இறந்துபோனான். கையில் கறுப்புத் துணி கட்டிய தம்பி லூயி வாசலில் தயங்குகிறான். "அக்கா, மாதா கோயில்ல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அத்தானைத் தூக்கணும், வாக்கா." "இரு லூயி, ஒண்ணே ஒண்ணு." கத்தி இறங்குகிறது. உள்ளே பால்வெள்ளை, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அவள் ஒரு பாதியை எடுத்து, யாரும் நிற்காத வலப்பக்கம் நீட்டுகிறாள். "பாருங்களேன்," என்கிறாள்.