கொஞ்சம் தள்ளி உட்காரேன்

பஸ் நேரம் சொல்லும் பழைய செயலி ஒன்று பெரிய போனுக்குக் குடிவந்தது. திரை நீளம், செயலியோ குட்டை. கீழே மிச்சமிருந்த இடத்தை ஒரு கருப்புப் பட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

செயலியின் கடைசி வரிசையில் இருந்த ‘தேடு’ பொத்தானுக்கு அதுதான் பக்கத்து வீடு.

“பாவம் கட்டைவிரல், என்னைத் தொட எவ்வளவு எக்குது பாரு” என்றது பொத்தான்.

“அப்போ என் இடத்துக்கு வந்துடேன். என்னை யாரு தொடப் போறா?” என்றது பட்டை.

“வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம், இல்ல?”

பட்டை கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் செயலியை எழுதியவள் பெரிய திரைக்கேற்ப அதை நீட்டி அமைத்தாள். பொத்தான் அகன்று, திரையின் அடிவரை இறங்கியது. கட்டைவிரல் சிரமமில்லாமல் வந்து தொட்டது.

“வந்துட்டேன்! கொஞ்சம் தள்ளி உட்காரேன்” என்று பொத்தான் குதூகலமாகத் திரும்பியது.

அங்கே போனின் விளிம்பு மட்டும்தான் இருந்தது.

“பட்டை எங்கே?”

“அது இருந்த இடத்துலதான் நீ உட்கார்ந்திருக்கே” என்றது விளிம்பு.

கட்டைவிரல் மறுபடி அழுத்தியது. பொத்தான் தேடத் தொடங்கியது. அதற்கு பஸ்ஸை மட்டும்தான் தேடத் தெரியும்.