பச்சைச் சுடர்

காவலூர் மலை வானாய்வகத்தில், கம்ப்யூட்டர் அறைக்குள் சால்வையை இறுக்கிப் போர்த்தி நிற்கிறாள் சமையல்கார அன்னாள். "இந்தக் குளிர்ல ஏசி இன்னாத்துக்குங்க?" என்று கேட்கிறாள். "மனுசங்களுக்கு இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு" என்கிறார் வாணியம்பாடி மெக்கானிக் ஃபரூக். ஏசியின் செப்புக் குழாய்களைப் பூட்டி, குளிரூட்டும் காஸும் ஏற்றியாயிற்று. இப்போது, நீலச் சுடர் எரியும் ஒரு சின்ன விளக்குக்குக் காற்றை உறிஞ்சித் தரும் ரப்பர் குழாய் ஒவ்வொரு மூட்டாக மோந்துகொண்டு நகர்கிறது. "காஸ் கசிஞ்சா சுடர் பச்சையாயிடும். அப்புறம் எல்லாத்தையும் கழட்டணும். இன்னிக்கு வூடு போய்ச் சேர்ந்தாப்பலதான்." எத்தனையோ அடுப்பு ஊதியவள் அன்னாள், பச்சை நெருப்பை மட்டும் கண்டதில்லை. முதல் மூட்டில் நீலம். அடுத்ததிலும் நீலம். ஃபரூக்கின் உதடுகள் துஆ முணுமுணுக்கின்றன. பாவம் அந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை பச்சை வரக்கூடாதா என்று கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்கிறாள் அன்னாள். கடைசி மூட்டும் நீலம்தான். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நிமிர்ந்த ஃபரூக், அவள் முகம் தொங்கியிருப்பதைப் பார்க்கிறார். காஸ் ஏற்றிய ஹோஸைக் கழற்றி, அதில் மிச்சமிருப்பதை விளக்குக் குழாயின் வாயருகே லேசாக விடுகிறார். "மூச்ச புடிச்சிக்குங்க, இந்தப் புகை ஆவாது." மயில் கழுத்துப் பச்சையில் சுடர் துள்ளி எழுகிறது. அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அன்னாளின் மூச்சு தானாகவே நின்றுவிட்டது.